பொட்டு வைத்த மூட்டை

வாட்ச்மேன் நாற்காலியை இழுத்துப் போட்டும் அந்தப் பெண் உட்காரவில்லை. எங்கள் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில், வேப்பமரத்தின் அரைகுறை நிழலில், ஒரு மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருமங்கலம் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இங்கே வர இன்னொரு பஸ். இரண்டிலும் நின்றுகொண்டேதான் வந்தாராம்.

"சீட்டு இருந்துச்சு மேடம். பக்கத்துல ஒரு ஆளு வந்து நெருக்கி உக்காந்தா இலை நொறுங்கிப் போகும்ல. அதான் கடைசிப் படிக்கிட்டயே நின்னுக்கிட்டேன்" என்றார்.

உட்காராதவர்களை எனக்கு உடனே பிடித்துவிடும். இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் கால்களைப் பற்றித் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நான் ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாதவள். சாப்பிடுவதும் போனில் பேசுவதும் நடந்துகொண்டேதான். "இவ கால்ல சக்கரத்தைக் கட்டிப் பெத்துட்டேன்" என்று என் அம்மா எங்கள் சௌராஷ்ட்ர மொழியில் சொல்லிப் புலம்பாத நாள் கிடையாது. இப்படிப்பட்டவள் வேதியியல் படித்து, ஒரு கருவிக்கு முன்னால் காத்துக் கிடக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தேன். மூலிகைச் சாறு எடுக்கிற கம்பெனியின் ஆய்வகத்தில், வருகிற இலைகளில் சத்து இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை.

பையைப் பிரித்துக் காட்டினார். நிழலில் காய்ந்த நிலவேம்பு. சிறியாநங்கை என்றும் சொல்வார்கள். நான் பார்த்த இலைகளிலேயே அழகான இலை அதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன். காய்ந்த பிறகும் கரும்பச்சை மாறவில்லை. ஒவ்வொன்றும் நீளமாக, முழுசாக இருந்தது.

அவர் பெயர் பாண்டியம்மாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தேன். அவர் கடைசிவரை என்னை மேடம் என்பதை விடவில்லை.

இரண்டு வெள்ளைக் கற்கள்

கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தோம். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

பாண்டியம்மாக்காவின் மாமனார் காலம்வரை அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கையகல நிலம் கிடையாது. எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். மாமனாரும் மாமியாரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய நிலம்தான் இப்போது இருப்பது. அவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நிலம் இரண்டு மகன்களுக்கும் பொது. பாண்டியம்மாக்காவின் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். மூத்தார், அதாவது கணவரின் அண்ணன் தங்கராசு, டிராக்டர் ஓட்டுகிறார்.

பக்கத்து நிலங்கள் எல்லாம் வீட்டு மனையாகிக்கொண்டிருந்தன. தங்கராசுவிடமும் மனை போடுகிறவர்கள் வந்து பேசிவிட்டார்கள். அவர் சரி என்றுவிட்டார். அளந்து பார்த்து, நிலத்தின் ஒரு மூலையில் வெள்ளையடித்த கல் இரண்டை ஊன்றிவிட்டும் போயிருந்தார்கள்.

"நான் அழுது பொரண்டு ஒரே ஒரு வெள்ளாமைக்கு மட்டும் தவணை வாங்கியிருக்கேன் மேடம். கம்பெனி லாரி நம்ம காட்டுக்கு வந்து சரக்க ஏத்துச்சுன்னா நெலம் இருக்கட்டும், வரலைன்னா பொங்கல் கழிச்சுக் கையெழுத்துப் போட்டுருவோம்னு சொல்லிட்டாரு. எங்க வீட்டுக்காரரு அண்ணன் பேச்சத் தட்ட மாட்டாரு."

"லாரி கண்டிப்பா வரும்க்கா" என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு அழகான இலையைப் பார்த்துவிட்டு வேறு என்ன சொல்ல முடியும்? கருவியில் போட்டுப் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது என்று புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். அன்றைக்கு எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

கோடு ஏறவில்லை

எங்கள் வேலை, வேடிக்கை பார்க்கிறவர்களுக்குச் சப்பென்று இருக்கும். இலையைப் பொடித்து, திரவத்தில் ஊறவைத்து, வடிகட்டி, கருவிக்குள் செலுத்த வேண்டும். அது திரையில் ஒரு கோட்டை வரைந்துகொண்டே போகும். நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான சத்து வெளியே வருகிற நேரத்தில் கோடு விருட்டென்று மேலே ஏறி இறங்கும். ஏறிய உயரத்தைக் கொண்டு சத்து எவ்வளவு என்று கணக்கிடுவோம். அந்தச் சத்துக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. நான் கசப்பு என்றே எழுதுகிறேன்.

அந்த நேரத்தில் நான் வராந்தாவில் நடப்பேன். "மேடம் நடந்த நடைக்கு இந்நேரம் மெட்ராஸ் போயிட்டுத் திரும்பியிருப்பாங்க" என்று சக ஊழியர்கள் கிண்டல் செய்வார்கள். அன்றைக்கும் நடந்து முடித்துவிட்டு வந்து திரையைப் பார்த்தால், கோடு ஏதோ கடனே என்று கொஞ்சம் தலையைத் தூக்கிவிட்டுப் படுத்திருந்தது.

கருவிமேல் சந்தேகம் வந்தது. பிறகு திரவத்தின்மேல், பிறகு என் கைமேல். மறுபடியும் முதலிலிருந்து செய்தேன். அதேதான் வந்தது.

பையிலிருந்து ஓர் இலையை எடுத்து மென்றேன். கசந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. நிலவேம்பு கசக்காமல் இருக்காது. ஆனால் நல்ல நிலவேம்பை மென்றால் தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு சாயங்காலம்வரை எழுந்திருக்காது. அடுத்துக் குடிக்கிற தண்ணீரும் கசக்கும். இந்த இலையின் கசப்பு ஒரு டீயோடு போய்விட்டது.

கொள்முதல் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஜெயபால் சாரிடம் போனேன். நல்ல மனிதர்தான், ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் முகத்தில் ஈரமிருக்காது. "பாக்க மாப்பிள்ளை மாதிரி இருக்கு, உள்ள சரக்கு இல்லியேம்மா. ரிஜெக்ட் போட்டுருங்க" என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். கால் ஓடியது. அவர் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சந்தேகம் இருந்தால் கம்பெனி ஆளே வயலுக்குப் போய் மறுபடி மாதிரி எடுக்கலாம் என்று எங்கள் விதியிலேயே இருக்கிறது. அதை ஞாபகப்படுத்தினேன்.

"பேரையூர்ப் பக்கம் வெயிலுல அலையப் போறீங்களா?"

"அலையிறது எனக்குப் புதுசா சார்?"

"மொதல்ல உக்காருங்க. தலை சுத்துது" என்று சொல்லிவிட்டுச் சம்மதித்தார்.

காய்ச்சல் காலத்துக் காகிதக் கப்

ஓர் இலையின் கசப்புக்கு ஏன் இத்தனை அலட்டல் என்று சிலர் நினைக்கலாம்.

மதுரையில் காய்ச்சல் பரவுகிற மழைக்காலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தெருமுனைகளில் பெரிய அண்டாவை வைத்து நிலவேம்புக் குடிநீர் ஊற்றுவார்கள். காகிதக் கப்பை நீட்டிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். என் அம்மா மட்டும் வரிசையில் நிற்காமல் வீட்டிலேயே காய்ச்சி, எங்கள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, தான் மட்டும் குடிக்காமல் தொட்டியில் கொட்டிவிடுவார். ஒருமுறை கையும் களவுமாகப் பிடித்தபோது, "நான் குடிச்சா உங்களுக்கு யார் காய்ச்சுவா?" என்று ஒரு நியாயம் சொன்னார். அந்த நியாயம் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அந்தக் கப்பில் இருப்பதை மருந்து என்று நம்பித்தான் குடிக்கிறார்கள். அது எதற்கு எவ்வளவு கேட்கும் என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் வைத்தியர்கள். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். மருந்து என்று பெயர் வைத்தால், அதில் இருக்க வேண்டியது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பச்சைத் தண்ணீரைக் கொடுத்து முகத்தைச் சுளிக்க வைத்த பாவம்தான் மிஞ்சும். அதனால்தான் பாண்டியம்மாக்காவின் இலையைக் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் பண்ணிவிட என் மனம் வரவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. 

ஜில்லென்ற கை

திருப்பரங்குன்றத்தில் என் வீடு. காலையில் பஸ் ஏறித் திருமங்கலத்தில் மாறி, பேரையூர் வழியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தேன். கரிசல் காடு, அங்கங்கே கருவேலம், நடுவே கலர் கொடிகள் நட்ட மனைகள். அவற்றுக்கு மத்தியில் ஒரு பச்சை கண்ணைப் பறித்தது. யாரும் சொல்லாமலே அதுதான் பாண்டியம்மாக்காவின் காடு என்று தெரிந்துவிட்டது.

ரோட்டை ஒட்டிய செடிகள் தொடை உயரத்துக்கு வளர்ந்து, கொழுகொழுவென்று நின்றன. ரோட்டோரம் டிராக்டரை நிறுத்திவிட்டு ஒருவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். தங்கராசு.

"வாங்க மேடம். எங்க வீட்டு விவசாய ஆபீஸரு காலையிலேருந்து ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கு" என்று தம்பி மனைவியைக் கைகாட்டினார். கேலிதான், ஆனால் குரலில் விஷம் இல்லை. "வெள்ளாமை நல்லாத்தேன் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா இதக் கம்பெனிக்காரய்ங்க எடுப்பாய்ங்களான்னு எனக்கு நம்பிக்கை இல்ல பாத்துக்கங்க."

சோதனையில் என்ன வந்தது என்பதை அவர் காதுபடச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பாண்டியம்மாக்காவைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது.

"வெயில்ல காயப் போட்டீங்களாக்கா?"

"இல்ல மேடம். வீட்டுக்குள்ள, பேன் போட்டுல்ல காய வச்சேன்."

"உரம் எதுவும் போட்டீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிள்ளைக்குச் சோறு போட்டாயா என்று கேட்டது போல இருந்திருக்க வேண்டும்.

"போடாம? ஒழவுல தொழு உரம் போட்டேன். நாத்துக் குடுக்க வந்த உங்க கம்பெனிக்காரரு அது போதும்னாரு. எனக்கு மனசு கேக்கல. கடேசியா, அறுப்பு நெருங்குதுன்னு யூரியா போட்டுத் தண்ணி பாச்சினேன். கீரைக்கு அப்படித்தான செய்வோம்."

நிலவேம்புக்கு முன்னால் அவர் பல வருடம் கீரை போட்டவர். திருமங்கலம் மார்க்கெட்டில் கறுகறுவென்று பச்சையாக இருக்கிற கட்டுக்குத்தான் மதிப்பு. அறுப்புக்குச் சில நாள் முன்னால் கொஞ்சம் யூரியாவைத் தூவித் தண்ணீர் விட்டால், இலை எண்ணெய் தேய்த்த மாதிரி மின்னும். கீரைக்காரர்களுக்கு அது கைவந்த பழக்கம்.

அவர் சும்மா தூவிவிடவில்லை என்பதும் பேச்சில் வந்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. மாமனார் அடுத்தவர் வயலுக்கு உர மூட்டையைத் தலையில் சுமந்தவர். வியர்வையில் யூரியா கரைந்து கழுத்தெல்லாம் எரியுமாம். சொந்த நிலம் வாங்கி, முதல் மூட்டையைப் பேரையூரிலிருந்து சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த அன்றைக்கு, அதை வீட்டு வாசலில் இறக்கி, மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டு வைத்து, சூடம் காட்டிவிட்டுத்தான் வயலுக்குக் கொண்டுபோனாராம். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளாமைக்கும் முதல் மூட்டைக்குப் பொட்டு உண்டு.

"இது நம்ம காடு, நம்ம மூட்டைன்னு சொல்றதுக்குத்தான் மேடம் அந்தப் பொட்டு. இந்தத் தடவை நாந்தேன் வச்சேன். எங்க மாமா போடுறப்ப, கையை நனைச்சுக்கிட்டு அள்ளிப் பாரு, ஜில்லுன்னு இருக்கும்பாரு. அதே மாதிரி ஜில்லுன்னு இருந்துச்சு."

 யூரியா தண்ணீரில் கரையும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும், அதனால் ஜில்லென்றிருக்கும் என்று காலேஜில் படித்திருக்கிறேன். அதை யாருடைய கையும் இப்படி ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்ததில்லை.

குரங்கின் தீர்ப்பு

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். உரம் என்றாலே விஷம் என்று பேசுகிறவர்களையும், உரமில்லாமல் உலகமில்லை என்று பேசுகிறவர்களையும் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

செடி கசப்பை நமக்காகச் செய்வதில்லை. பூச்சி கடிக்காமல் இருக்க, தன்னைக் காத்துக்கொள்ளச் செய்கிறது. யூரியாவில் இருக்கிற தழைச்சத்து வேண்டியமட்டும் கிடைத்தால் அது இலை விடுகிற வேலையில் மும்முரமாகிவிடும். இலை பெருக்கும், ஆனால் அந்த வேகத்துக்குக் கசப்பு சேராது. பால் அதே அளவு இருக்க, தண்ணீர் மட்டும் கூடுகிற மாதிரி. இன்னொன்று, பூக்க ஆரம்பிக்கிற சமயத்தில்தான் நிலவேம்பில் கசப்பு நன்றாக ஏறியிருக்கும். யூரியா தின்ற செடி பூப்பதையே தள்ளிப் போடும்.

அதற்காகப் பட்டினி போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. ஒன்றுமே கொடுக்காவிட்டால் அறுக்க இலையே இருக்காது. கசப்பு எவ்வளவு செறிவாக இருந்தாலும் கைப்பிடி இலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒவ்வொரு செடிக்கும் கணக்கு வேறு. வேரை எடுக்கிற செடிக்கு ஒன்று, இலையை எடுக்கிற செடிக்கு ஒன்று, வாசனைக்காக வளர்க்கிற துளசிக்கு இன்னொன்று. என்ன உரம், எவ்வளவு, எப்போது என்ற மூன்றையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இதை நானே பார்த்துவிடலாம் என்று ஒருமுறை என் மொட்டை மாடியில் தொட்டிகளில் நிலவேம்பு வைத்தேன். ஒன்றுக்கு யூரியா, ஒன்றுக்கு எரு, ஒன்றுக்கு வெறும் தண்ணீர். வெறும் தண்ணீர்த் தொட்டி நோஞ்சானாக நின்றது. மற்றவற்றை அறுக்கலாம் என்று நினைத்திருந்த வாரத்தில் திருப்பரங்குன்றத்துக் குரங்குகள் வந்து சேர்ந்தன. யூரியாச் செடியை நிதானமாகப் பறித்துப் பாதி தின்றன. எருச் செடியில் ஒரு வாய் வைத்த குரங்கு, அதைத் துப்பிவிட்டு, தொட்டியைத் தூக்கி என்னைப் பார்த்தே எறிந்தது. கருவி சொல்லியிருக்க வேண்டியதை அது சொல்லிவிட்டது என்று வீட்டில் வெகுநாள் சிரித்தார்கள்.

வரப்புக்கு அந்தப் பக்கம்

பாண்டியம்மாக்கா எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடிக்கக் கலர் பாட்டிலும் வாங்கி வைத்திருந்தார். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன், எழுந்தேன். கலர் பாட்டிலோடு காட்டைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். அவர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"அங்கிட்டுப் போகாதீங்க மேடம். அங்கிட்டு ஒண்ணுமில்ல, முள்ளுக் கெடக்கு."

போகாதே என்றால்தான் என் கால் போகும். ரோட்டோரத்துச் செடிகளைத் தாண்டி நடந்தால் ஒரு வரப்பு வந்தது. வரப்புக்கு அந்தப் பக்கமும் நிலவேம்புதான். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்ற மெலிந்த செடிகள். தண்டில் கருநீலம் ஓடியிருந்தது. இலைகள் சின்னச் சின்னதாக, வெளிறி இருந்தன. அங்கங்கே, வெள்ளையில் ஊதாத் தீற்றல் வைத்த சின்னப் பூக்கள் வந்திருந்தன.

"இது என்னக்கா?"

"மூட்டை முன்னாடிப் பக்கத்துக்கே சரியாப் போச்சு மேடம். ரோட்டுல போறவய்ங்களும் மூத்தாரும் அதத்தான பாப்பாங்க. இங்கிட்டு மோட்டாருத் தண்ணியும் சரியா ஏறாது. அப்படியே விட்டுட்டேன்." அவர் செடிகளுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். வீட்டுக்கு வந்தவர்கள் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தால் மறைப்போமே, அதுபோல.

நான் குனிந்து ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டேன்.

அம்மாடி! நாக்கு சுருண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கலரைக் குடித்தேன், அதுவும் கசந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். காட்டின் பின்பாதியில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, நல்லது கெட்டது பார்க்காமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடிகளை வெட்டிப் பையில் போட ஆரம்பித்தேன். பாண்டியம்மாக்கா என் பையைப் பிடித்துக்கொண்டார்.

"இதையா கொண்டுபோகப் போறீங்க? வேணாம் மேடம். அசிங்கமா இருக்கு."

"இதுலதான்க்கா சத்து இருக்கு."

"எங்க அம்மாவுக்குக் களத்துல கூலியா அள்ளிப் போட்டதெல்லாம் சொத்தையும் பதருந்தேன். அதத்தேன் தின்னு வளந்தோம். நான் ஒருத்தருக்குக் குடுக்குறது அப்படி இருக்கக் கூடாதுன்னுதான, இருக்குறதுலயே நல்ல செடியாப் பாத்துப் பொறுக்கி, ஒடையாம நின்னுக்கிட்டே கொண்டாந்தேன்."

பஸ்ஸில் அவர் ஏன் உட்காரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. முன்பாதியிலும் வாய்க்கால் ஓரத்தில், யூரியாத் தண்ணீர் தேங்கிய இடத்தில் நின்ற செடிகளாகத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்திருக்கிறார். அந்தக் காட்டிலேயே கசப்புக் குறைந்த இலையை, மரியாதைக்காகவே பொறுக்கியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அவர்மேல் கோபமும் வந்தது, எதற்கென்று தெரியாமல்.

"இன்னும் கொஞ்ச நாள் முன்பாதிக்குத் தண்ணியும் வேணாம், எதுவும் வேணாம். பூக்குற வரைக்கும் கிட்டயே போகாதீங்க" என்றேன்.

"பசிச்ச வயித்தோட கெடந்தவ நான். பயிரப் பட்டினி போடச் சொல்றீங்களே மேடம்" என்றார்.  நான் பையின் வாயைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அசிங்கமான இலை

இலை நிழலில் காய்கிறவரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பது என்னைப் போன்றவர்களுக்குத் தண்டனை. ஒரு நாளைக்குப் பலமுறை போய்க் கிளறிப் பார்த்தேன். "நீங்க பாக்குற பார்வையிலேயே காஞ்சிரும்" என்றார் ஜெயபால் சார்.

கருவியில் ஏற்றிய அன்றைக்கு வராந்தாவில் நடக்கவில்லை. திரைக்கு முன்னாலேயே நின்றேன். உட்காரவில்லை, ஆனால் நகரவும் இல்லை. கோடு வழக்கம்போலத் தரையில் ஊர்ந்துகொண்டே வந்தது. அது ஏற வேண்டிய நேரம் நெருங்க நெருங்க, நான் திரையை ஒட்டிக் குனிந்தேன். பிறகு அது ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்தார்கள்.

லாரி போனது. பின்பாதிச் சரக்கு முதலில் ஏறியது. முன்பாதி, தண்ணீர் இல்லாமல் கிடந்து, அரைமனசாகப் பூத்த பிறகு அறுத்துக் கொடுத்தது, எங்கள் அளவுகோலை ஏதோ தொட்டுக்கொண்டு நின்றது. ஜெயபால் சார் முணுமுணுத்துக்கொண்டே அதையும் எடுத்துக்கொண்டார்.

லாரி போன அன்று நானும் போயிருந்தேன். தங்கராசு இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லத விட்டுட்டுச் சொத்தைய மொதல்ல ஏத்துறாய்ங்களே. லாரி மாறி வந்துருச்சா?" என்றார்.

பாண்டியம்மாக்கா குனிந்தார். முன்பாதிக் குவியலில் ஓர் இலையும் பின்பாதிக் குவியலில் ஓர் இலையும் எடுத்து மூத்தாரிடம் நீட்டினார். அவர் முதலாவதை மென்று, தோளைக் குலுக்கினார். இரண்டாவதை மென்றதும் முகம் அஷ்டகோணலாகி, டிராக்டருக்குப் பின்னால் ஓடிப்போய்த் துப்பினார். தண்ணீர், தண்ணீர் என்று கத்தினார். லோடுமேன்கள் சிரித்தார்கள். தண்ணீரைக் குடித்தவர், "அட, இதுவும்ல கசக்குது!" என்றார். அந்தச் சிரிப்பில் பாண்டியம்மாக்கா மட்டும் கலந்துகொள்ளவில்லை. அவர் பார்வை மூலையில் ஊன்றியிருந்த வெள்ளைக் கற்கள்மேல் இருந்தது. லாரி வந்தால் நிலம் இருக்கட்டும் என்று சொன்ன தங்கராசு, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நானும் பஸ் ஏறினேன். பொங்கல் வந்தது, போனது. போன் பண்ணிக் கேட்கலாம் என்று எடுப்பேன், வைப்பேன். கையெழுத்துப் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். வீட்டிலும் ஆய்வகத்திலும் நடந்து நடந்து ஒரு ஜோடி செருப்பைத் தேய்த்தேன்.

ஒரு மதியம் அவரே கூப்பிட்டார். எடுத்தவுடனே அழுகைச் சத்தம் கேட்டது. 

"என்னக்கா? கையெழுத்துப் போட்டுட்டாங்களா?"

"மூத்தாரு வந்தாரு மேடம். டிராக்டருல ஒரு யூரியா மூட்டை கொண்டாந்து எறக்கியிருக்காரு. அடுத்த வெள்ளாமைக்கு முன்பாதி, பின்பாதி எல்லாத்துக்கும் போடுங்கறாரு. என்கிட்ட சொல்லக்கூட இல்ல, அவரே மஞ்சத் தடவி, பொட்டு வச்சுச் சூடம் காட்டிட்டாரு. எங்க மாமா போன பெறகு அவரு கையால பொட்டு வச்சு நான் பாத்ததே இல்ல மேடம்."

அழுகைக்கு நடுவே அவர் சிரிப்பதும் எனக்குக் கேட்டது.

"இப்ப நான் என்ன செய்ய? போட்டா கசப்புப் போயிரும். வேணாம்னா மனுசன் மனசு ஒடிஞ்சு போகும்."

"பிரிக்காதீங்க. அப்படியே இருக்கட்டும். கீரைப் பாத்திக்கு ஆகும். நான் வந்து அவருகிட்டப் பேசுறேன்" என்றேன். பிறகு, கேட்கவே பயந்துகொண்டிருந்ததைக் கேட்டேன். "அந்த வெள்ளைக் கல்லு என்னாச்சுக்கா?"

"அதச் சொல்ல மறந்துட்டேன் பாருங்க. தரை ஈரமா இருக்கு, மூட்டை கரைஞ்சு போயிரும்னு, அந்தக் கல்லு ரெண்டையும் புடுங்கிக் கொண்டாந்து போட்டு, அதுக்கு மேலதான் மேடம் மூட்டைய வச்சிருக்காரு."

"வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.